உய்த்தலும் கழித்தலும்: காஞ்சிச் சாலையில் தருக்கத்தின் கதை

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒருவரிடம் 'டிடக்‌ஷன்' என்று சொன்னால் அவருக்கு அரிஸ்டாட்டில் ஞாபகத்துக்கு வரமாட்டார். சம்பளச் சீட்டுதான் வரும். பி.எஃப்., இ.எஸ்.ஐ., சொசைட்டிக் கடன், லீவு போட்ட நாளுக்கு ஒரு தொகை. தமிழில் அதற்குப் 'பிடித்தம்' என்று பேர். "இந்த மாசம் என்னப்பா இவ்வளவு பிடிச்சிட்டான்" என்பது எந்தத் தருக்கவியல் பாடப்புத்தகத்திலும் இல்லாத வாக்கியம். அதே சொல்தான் கல்லூரியில் வேறு அர்த்தத்தில் வருகிறது: பொது உண்மை ஒன்றை ஒப்புக்கொண்டால் அதிலிருந்து தனி உண்மை ஒன்று தப்பமுடியாமல் கிடைக்கும் என்பது அது. மனிதர் எல்லோரும் சாகிறவர்கள், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே அவரும் சாவார்.

இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஓரிடத்திலிருந்து கீழே, அல்லது அப்பால், நடத்திக்கொண்டு போவது என்பது அந்த வினையின் பொருள். ஒன்றில் முடிவை நடத்திக்கொண்டு வருகிறார்கள், மற்றதில் காசை நடத்திக்கொண்டு போகிறார்கள். தமிழில் நாம் முதலாவதற்கு உய்த்துணர்தல் என்கிறோம். 'உய்த்தல்' என்றாலும் செலுத்துதல், கொண்டுபோய்ச் சேர்த்தல்தான். நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் 'உய்த்துணர வைப்பு' ஒன்று. ஆசிரியர் சொல்லாமல் விட்டதைச் சொன்னதிலிருந்து படிப்பவன் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் இதற்கு 'விதிவிளக்க முறை' என்று ஒரு வறண்ட பெயர் உண்டு. போகட்டும்.

சம்பளச் சீட்டிலும் ஒரு தருக்கம் ஒளிந்திருக்கிறது. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் என்னென்ன காரணங்களுக்குப் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டது. நோட்டீஸ் கொடுக்கக் கடமைப்பட்ட தொழிலாளிகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி, நோட்டீஸ் இல்லாமல், நியாயமான காரணம் இல்லாமல் வராமலிருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்றது. பொதுவிதி ஒன்று, நீ அதற்குள் அடங்குகிறாய் என்பது ஒன்று, ஆகவே கழி. ஒவ்வொரு கழித்தலுக்கும் பின்னால் ஓர் உய்த்தல் இருக்கிறது, சரி. நான் பார்க்க விரும்புவது இதன் மறுபக்கத்தை. நம் சமூகத்தில் நின்று நிலைத்த ஒரு பெரிய உய்த்தலுக்குப் பின்னால் ஓயாமல் ஒரு கழித்தல் நடந்துகொண்டிருக்கிறது. பிறப்பிலிருந்து ஒருவரின் தகுதியை வருவிக்கிறதே, அந்த உய்த்தலைத்தான் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து பூந்தமல்லி தாண்டி, திருமழிசை தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற வழியில் இருக்கிறது குத்தம்பாக்கம். இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டம், 1997 வரை செங்கல்பட்டு. மேற்கே போகிற பஸ்களுக்குச் சி.எம்.டி.ஏ. அங்கே நிலையம் கட்டத் தொடங்கியதிலிருந்து பேப்பரில் அடிக்கடி அடிபடுகிற பேர். இந்தச் சாலை போய்ச் சேருகிற காஞ்சிபுரம் ஒரு காலத்தில் ஆசியாவின் தருக்கத் தலைநகரங்களில் ஒன்று. பௌத்த அளவையியலைப் புதிதாகக் கட்டிய திக்நாகர் காஞ்சிக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்கிறது திபெத்திய மரபு. நாளந்தாவின் தலைவராயிருந்த தருமபாலர் காஞ்சிக்காரர் என்று ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். பட்டுப் புடவைக்கும் கோயிலுக்கும் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் நினைப்பது கஷ்டம்தான்.

தமிழில் இதற்குக் கிடைக்கிற சாட்சி மணிமேகலை. உ.வே. சாமிநாதையர் 1898-ல் அதைப் பதிப்பித்தபோது பௌத்தம் புரியாமல் தவித்துக் கும்பகோணம் ரங்காசாரியாரிடம் கேட்டுத் தெளிந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காப்பியத்தின் 27-ஆம் காதையில் பல சமயக்காரர்களும் வந்து அவரவர் அளவைகளைச் சொல்கிறார்கள். அனுமானம் அங்கே மூன்று வகை. காட்டில் பிளிறல் கேட்டு யானை இருக்கிறது என்பது ஒன்று. ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்பது ஒன்று. சூல்கொண்ட மேகத்தைப் பார்த்து மழை வரும் என்பது ஒன்று. இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்று அறிவதற்கும் தனியாக ஒரு பேர் வைத்திருக்கிறார்கள்: மீட்சி. 29-ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பாடம் நடத்துகிறார். பக்கம், ஏது, திட்டாந்தம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. உபநயம், நிகமனம் என்ற மீதி இரண்டு உறுப்புகளையும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடக்கிவிடுகிறார். இந்தக் காதை சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு மிகவும் ஒத்துப்போவதால் மணிமேகலை திக்நாகருக்கு முந்தியதா பிந்தியதா என்று 1920-களில் குப்புசாமி சாஸ்திரியும் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும் எதிரெதிராக எழுதினார்கள். கால ஆராய்ச்சியில் காட்டிய அக்கறையில் பாதியைப் பாடத்தின் உள்ளடக்கத்தில் காட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அரிஸ்டாட்டிலின் சில்லோகிஸத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கிரேக்கத்தில் வடிவம் சரியாயிருந்தால் போதும். எல்லா அ-வும் ஆ, எல்லா ஆ-வும் இ, ஆகவே எல்லா அ-வும் இ. உலகத்தில் அ என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்க வேண்டியதில்லை. காஞ்சியிலோ அடுக்களை வேண்டும். கேட்கிறவன் கண்ணால் கண்டு ஒப்புக்கொண்ட ஓர் இடம் வேண்டும். ஏதுவுக்கு மூன்று நிபந்தனை: பேசப்படும் பொருளில் அது இருக்க வேண்டும், ஒத்த இடங்களில் இருக்க வேண்டும், ஒவ்வாத இடங்களில் இருக்கவே கூடாது. மூன்றாவதுதான் கத்தி. நெருப்பில்லாத ஓர் இடத்தில் புகையைக் காட்டிவிட்டால் வாதம் விழுந்தது. அந்தப் பிழைக்கு அநைகாந்திகம் என்று பேர். ஏதுப் போலிகளில் ஒன்று. எதிர்உதாரணம் ஒன்றே ஒன்று போதும். பொதுவிதி எவ்வளவு பழையது, யார் சொன்னது என்பதெல்லாம் கணக்கில்லை.

ஆனால் அதே பாடத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பக்கப் போலி ஒன்பது என்று எண்ணுகிறார்கள். காரணம் சொல்வதற்கு முன்பே, சொல்ல எடுத்துக்கொண்ட கூற்றே தவறு என்று தள்ளிவிடக் கூடியவை இவை. அதில் ஒன்று உலக விருத்தம், உலகத்தார் ஒப்புக்கொண்டதற்கு முரணாகப் பேசுவது. மணிமேகலை இதற்குக் கொடுக்கிற உதாரணம் சாதுவானது: மதியைச் சந்திரன் இல்லை என்பது. நியாயப்பிரவேசத்தின் உதாரணம் அப்படியல்ல. மனித மண்டையோடு தூய்மையானது. உயிருள்ள பிராணியின் உறுப்பு என்பதால். சங்கைப் போல, சிப்பியைப் போல. இதைப் பிழை என்று தள்ளுகிறது அந்நூல். ஏன் பிழை? வடிவத்தில் என்ன கோளாறு? சங்கும் ஒரு பிராணியின் ஓடுதானே. கோயிலில் ஊதுகிறோம், அதில் தீர்த்தம் எடுக்கிறோம். மண்டையோடு மட்டும் எப்படித் தீட்டாகும்? பதில்: உலகம் ஒப்பாது. அவ்வளவுதான். தூய்மை-தீட்டு என்கிற இடத்துக்கு வந்ததும் தருக்கம் ஷட்டரை இறக்கிவிடுகிறது.

எந்த உலகம்? தொல்காப்பிய மரபியல் இதற்கு ஒளிவுமறைவில்லாமல் விடை சொல்லிவைத்திருக்கிறது: வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது. பெரும்பான்மையைச் சார்ந்தது என்றுகூடச் சொல்லவில்லை. வெட்டியான் மண்டையோட்டைத் தொடுகிறான், தோட்டி செத்த மாட்டைத் தூக்குகிறான், அவர்களுக்கும் கண் இருக்கிறது, காண்டல் அளவை இருக்கிறது. ஆனால் 'உலக'த்தில் அவர்கள் சேர்த்தி இல்லை. கழித்தல் இங்கே தொடங்குகிறது. பொதுவிதியைச் சோதிக்கும் முன்பே சாட்சிகளைக் கழித்தாகிவிட்டது.

பாடம் நடத்திய அதே அறவண அடிகள் அதே காப்பியத்தில் முன்னாடியே ஒரு கதை சொல்கிறார், ஆபுத்திரன் கதை. தருக்க நூலாக இதை யாரும் படிப்பதில்லை. இலக்கிய வகுப்பில் அமுதசுரபிக்கு முன்கதையாக வந்து போய்விடும். சாலி என்ற பார்ப்பனப் பெண் கணவனுக்குத் துரோகம் செய்து, பிறந்த குழந்தையைத் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போகிறாள். ஏழு நாள் ஒரு பசு பால் கொடுக்கிறது. பூதி என்ற பார்ப்பனர் எடுத்து வளர்த்து வேதம் சொல்லிக் கொடுக்கிறார். பையன் ஒருநாள் வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடுகிறான். பிடிபடுகிறான், அடிக்கிறார்கள். நீ ஆவின் மகன், உனக்கு வேதம் எப்படி விளங்கும் என்று ஏளனம்.

இந்த ஏளனத்தை அறவண அடிகள் பாடத்தின்படி பிரித்தால்: இவன் தகுதியற்றவன்; விலங்கின் வழி வந்தவன் என்பதால். ஆபுத்திரன் கேட்கிற கேள்வி சுத்தமான அநைகாந்திகக் குற்றச்சாட்டு. அசலன் பசுவுக்குப் பிறந்தவன், சிருங்கி மானுக்கு, விரிஞ்சி புலிக்கு, கேசகம்பலன் நரிக்கு. இவர்களையெல்லாம் உங்கள் குலத்து ரிஷிகள் என்று ஏற்கவில்லையா? ஏது இருக்கிற இடத்தில் முடிவு இல்லை. ஒன்றல்ல, நான்கு இடத்தில் இல்லை. உடனே ஒருத்தர் ஏதுவை மாற்றுகிறார்: இவன் தாய் யார் தெரியுமா, சாலி, முறைகெட்ட பிறப்பு. பையன் சிரிக்கிறான். வசிட்டனும் அகத்தியனும் தெய்வக் கணிகை திலோத்தமைக்குப் பிறந்தவர்கள்தானே, அவர்களுக்கு முன்னால் சாலி என்ன தப்புச் செய்துவிட்டாள்? மறுபடியும் அதே அடி.

வாதம் இதோடு முடிய வேண்டும். நியாயமாகப் பார்த்தால் தோற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். நடப்பது வேறு. வளர்த்த அப்பன் வீட்டைவிட்டுத் துரத்துகிறார். ஊர் ஊராகப் பிச்சைக்குப் போனால் 'பசுத் திருடன்' என்று பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள். பதில் இல்லாதபோது கல். கடைசியில் மதுரைக்குப் போய்ச் சிந்தாதேவி கோயிலில் தங்கி, பிச்சையெடுத்ததைக் குருடர், செவிடர், முடவருக்குப் பகிர்ந்துகொடுத்து வாழ்கிறான்.

நம்மிடையே ஒரு வழக்கு உண்டு: ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக் கூடாது. இதை ஏதோ பெருந்தன்மை மாதிரி சொல்கிறோம். ஆபுத்திரனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தருக்கத்தின் வாயை அடைக்கிற விதி. பிறப்பால் தகுதி என்கிற வாய்பாட்டைப் பொய்யாக்கும் உதாரணங்கள் எங்கே குவிந்திருக்கின்றனவோ அங்கே பார்க்காதே என்கிறது. ரிஷிகளைக் கழித்துவிடு, மீதியில் விதி சுத்தமாக நிற்கும். ஆபுத்திரன் செய்த குற்றம் பசுவைத் திருடியது மட்டுமல்ல. கழித்துவைத்ததை எடுத்து மறுபடி கணக்கில் சேர்த்தான்.

'சாதி' என்ற சொல்லும் இந்தத் தருக்கக் கூடத்திலிருந்து வெளியே வந்த சொல்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நியாய சூத்திரத்தில் ஜாதி என்றால் பொதுமை. பல மாடுகளில் ஒன்றாயிருக்கிற 'மாட்டுத்தன்மை' ஜாதி. அதே நூலின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஜாதி என்றால் போலி மறுப்பு. எதிராளியின் வாதத்துக்கு மேலோட்டமான ஒற்றுமை வேற்றுமை காட்டி மடக்குவது; 24 வகை. மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்தது, பிறப்பு. வைதிகத் தருக்கம் முதல் அர்த்தத்தையும் மூன்றாவதையும் ஒட்டவைத்தது. மாட்டுத்தன்மை எப்படி நிஜமோ அப்படிப் பார்ப்பனத்தன்மையும் நிஜம், வம்சம் தெரிந்தவனுக்கு அது கண்ணுக்கே தெரியும் என்று குமாரிலர் வாதாடினார். பௌத்தர்கள் பொதுமை என்பதே மனம் கட்டிக்கொண்டது, மற்றதல்லாதது என்று விலக்கி விலக்கிப் பெறுவது என்றார்கள். திக்நாகரின் அபோகக் கோட்பாடு இதுதான். தர்மகீர்த்தி சாதிச் செருக்கை மூடத்தனத்தின் ஐந்து அடையாளங்களில் ஒன்றாக எண்ணினார். பொதுமை உண்டா இல்லையா என்பது ஏதோ பண்டிதர் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது. சேரிக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற சந்து அந்தப் பிரச்சினையின் மேல்தான் போடப்பட்டிருக்கிறது.

குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர் திருமழிசை. ஆழ்வார் பிறந்த இடம். குருபரம்பரை நூல்கள் அவரைச் சமணம், சாக்கியம், சைவம் எல்லாம் புகுந்து பார்த்து வெளியே வந்தவர் என்கின்றன. அவரைப் பற்றி ஒரு கதை. பெரும்புலியூரில் சில பார்ப்பனர் வேதம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். இவர் வருகிறார். பிரம்பு வெட்டுகிறவர் வீட்டில் வளர்ந்தவர், நாலாம் வருணத்தான் காதில் விழக்கூடாது என்று நிறுத்துகிறார்கள். போன பிறகு தொடரப் பார்த்தால் விட்ட இடம் மறந்துபோச்சு. ஆழ்வார் வாயைத் திறக்கவில்லை. ஒரு கறுப்பு நெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டுகிறார். அந்த வேத வாக்கியம் கறுப்பு நெல்லை நகத்தால் பிளப்பது பற்றியது. அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

உய்த்துணர வைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் நன்னூல் உரைகளில் கிடைக்காது. கேட்கத் தகுதியில்லாதவன் என்று நிறுத்தினார்கள்; அவன் அதை ஏற்கெனவே அறிந்திருக்கிறான். உச்சரிக்கக் கூடாது என்பதால் நெல்லைப் பேசவைக்கிறான். பிறப்புக்கும் அறிவுக்கும் போட்ட முடிச்சு அவர்கள் கண்ணெதிரே அவிழ்கிறது. எல்லாம் சரி. ஆனால் அதே குருபரம்பரை அவருக்கு ஒரு முன்கதையும் வைத்திருக்கிறது: பார்க்கவ ரிஷிக்கும் ஓர் அப்சரசுக்கும் பிறந்தவர், பிரம்புக்காரர் திருவாளன் கண்டெடுத்து வளர்த்தவர் மட்டுமே. பார்த்தீர்களா? எதிர்உதாரணம் விதியை உடைக்க வந்தது, விதி அதைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டது. அவர் கீழ்ச்சாதி இல்லை, ஆகவே கீழ்ச்சாதிக்கு வேதம் தெரியாது என்ற வாக்கியத்துக்கு ஒரு சேதமும் இல்லை. நந்தனார் தீயில் புகுந்து பூணூலோடு வெளியே வந்ததும் இதே கணக்கு. ஆபுத்திரன் காலத்தில் கல் எறிந்தார்கள்; பிறகு கற்றுக்கொண்டார்கள், எறிவதைவிடக் கழிப்பது லாபம் என்று. பக்தி இயக்கம் சாதியைக் கடந்தது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டிடக்‌ஷனுக்கு மூன்றாவது அர்த்தம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் வக்கீல்கள் சிற்றரசர்களின் நில உரிமை வழக்குகளுக்கு எழுதிக் கொடுத்த ஆவணங்களை அப்படித்தான் அழைத்தார்கள். இன்னது யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்று மூலத்திலிருந்து நடத்திக்கொண்டு வந்து உரிமையை நிறுவும் எழுத்து. காண்ட் 1781-ல் வெளியிட்ட தூய அறிவின் விமர்சனத்தில் இந்தச் சட்டச் சொல்லைத் தெரிந்தே எடுத்துக்கொண்டார். என்ன நடந்தது என்பது ஒரு கேள்வி, எந்த உரிமையில் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குத் தரும் விடைதான் டிடக்‌ஷன் என்றார். டீட்டர் ஹென்ரிஷ் 1989-ல் இதை விரிவாக எடுத்துக் காட்டிய பிறகுதான் காண்ட்டின் தருக்கமாக எல்லோரும் நினைத்திருந்தது ஒரு பட்டா வழக்கின் ஜாடையில் இருப்பது தெரிந்தது.

பட்டா என்றதும் தொண்டைமண்டலத்துக்குத் திரும்பலாம். சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் 1816-ல் மிராசு உரிமை பற்றிக் கம்பெனி கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் காண்ட் சொன்ன அசல் டிடக்‌ஷன். ஆதொண்டைச் சோழன் குறும்பரை வென்று காடழித்து வேளாளரைக் குடியேற்றினான் என்ற கதையிலிருந்து தொடங்கி, கிராமத்தின் மீது மிராசுதாருக்கு இருக்கும் உரிமை வரை கொண்டுவந்து சேர்க்கிறார். கதை முதல் வாக்கியம், உரிமை முடிவு. ஏரிக்கரையில் மண் வெட்டினவன், பரம்படித்தவன், படியாள் — இவர்கள் அந்த வம்ச வரிசையில் நுழைவதற்கு வழியில்லை. எல்லிஸ் கெட்டவரில்லை, தமிழை நேசித்தவர். அவரிடம் பேசிய 'உலகம்' எதுவோ அதிலிருந்துதான் அவர் வருவிக்க முடியும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இதன் விளைவு எழுபது வருஷத்துக்கு மேல் ஓடியது. தரிசு நிலத்துக்குக்கூட முதல் உரிமை மிராசுதாருக்கு. பறையர் யாராவது தரிசுக்கு மனுப் போட்டால் மிராசுதார் குறுக்கே வந்து தட்டிக்கொண்டு போகலாம். 1891-ல் பொறுப்புக் கலெக்டராயிருந்த ட்ரெமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய குறிப்பு இந்த முடிச்சைத் தொட்டது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே அதன் ஆரம்பம். பிற்பாடு ஒப்படைப்பு நிபந்தனைகள் நிலை ஆணைகளில் ஏறின: பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே. இதைவிட எளிமையான உய்த்தல் இருக்க முடியுமா? பஞ்சமி நிலம் பிறர் கையில் இருக்கக் கூடாது. இந்தச் சர்வே எண் பஞ்சமி. இது பிறர் கையில் இருக்கிறது. ஆகவே திருப்பிக் கொடு. நடைமுறையில் காண்ட்டின் முதல் கேள்வியைக் காட்டி இரண்டாவதை அமுக்குகிறார்கள். இத்தனை வருஷமா அவங்க அனுபவத்துல இருக்குதே, என்ன பண்றது? 1994 அக்டோபர் 10-ல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்தார்கள். கேட்டது ஒரு முடிவுரையை மட்டும்தான், முதல் வாக்கியங்கள் இரண்டும் அரசாங்கம் எழுதியவை.

அயோத்திதாசரை இந்த இடத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழ'னைத் தொடங்கியவர், தாழ்த்தப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்று சரித்திரம் எழுதினார். அவருடைய சொற்பிறப்புகள் பல மொழியியலில் நிற்காது. அது உண்மை. ஆனால் அவர் கல்வெட்டு ஆராய்ச்சி செய்யவில்லை, எல்லிஸுக்குப் பதில் உரிமைப் பத்திரம் எழுதுகிறார். தன்னையோ தன் போன்ற நாலு படித்தவர்களையோ விதிவிலக்காகக் காட்டி ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. ஆழ்வாருக்குக் கிடைத்த பார்க்கவ ரிஷி அவருக்குத் தேவைப்படவில்லை. வகுப்பு முழுவதன் மூலத்தையே மாற்றி எழுதி, பொதுவிதியின் தலையில் கைவைத்தார்.

1992-ன் 73-ஆம் அரசியல் சட்டத் திருத்தமும் ஒரு பொதுவிதிதான். தமிழ்நாட்டில் அதன்படி முதல் ஊராட்சித் தேர்தல் 1996-ல் நடந்தது. தனித் தொகுதி, தலித் நிற்கலாம், ஜெயித்தால் தலைவர். மேலவளவில் முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30-ல் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது மறித்து அவரையும் உடன் வந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தலித் தலைவர் பதவியில் உட்கார முடியவில்லை. யாரும் சட்டத்தின் வடிவத்தில் பிழை கண்டுபிடிக்கவில்லை. மண்டையோட்டுக்குச் சொன்ன பதில்தான்: உலகம் ஒப்பாது.

அதே 1996 தேர்தலில் குத்தம்பாக்கத்தில் தலைவரானவர் இளங்கோ ரங்கசாமி, தலித், ரசாயனப் பொறியாளர், சி.எஸ்.ஐ.ஆர். ஆராய்ச்சி வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி வந்தவர். 2006 வரை பத்து வருஷம் இருந்தார். அந்தக் காலத்தில் சமத்துவபுரம் திட்டத்தின் கீழ் அங்கே கட்டப்பட்ட குடியிருப்பு வித்தியாசமானது. மாநிலம் முழுக்க அந்தத் திட்டத்தில் நூறு வீடு என்றால் 40 தலித்துகளுக்கு, மீதி மற்றவர்களுக்கு என்று கணக்கு. யாருக்குப் பக்கத்தில் யார் என்பது ஒதுக்கீட்டில்தான் தெரியும். குத்தம்பாக்கத்தில் இரட்டை வீடுகள். ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர், இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் தலித் அல்லாத குடும்பம். அறவண அடிகள் கேட்ட மாதிரி ஒரு அடுக்களை. கேட்கிறவன் போய்ப் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். சேர்ந்திருக்க மாட்டார்கள், அது அவர்கள் இயல்பு என்கிற வாக்கியத்துக்கு எதிரே செங்கல்லும் சிமெண்டுமாக ஒரு விபக்கம்.

சுவரைப் பொதுவில் வைத்ததாலேயே சாதி போய்விட்டது என்று நான் சொல்லவரவில்லை. கல்யாணம் எங்கே பேசுகிறார்கள் என்பது கூரையைப் பொறுத்ததல்ல. என் அக்கறை வேறு: இந்த உதாரணத்தை வெளியே என்ன செய்தார்கள்? 'முன்மாதிரி கிராமம்' என்று பேர் கொடுத்தார்கள். மாதிரி என்றால் திட்டாந்தம். அதைக் காட்டி மற்ற ஊர்களுக்கும் முடிவை நீட்ட வேண்டும். நடந்தது பெரும்பாலும் அப்படியில்லை. பார்வையாளர்கள் வந்தார்கள், பத்திரிகைகள் எழுதின, விருதுகள் கிடைத்தன. கட்டுரைகள் எல்லாம் ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதையாக அமைந்தன: படித்தவர், விஞ்ஞானி, காந்தியவாதி, பெரிய வேலையை உதறியவர். கதை எவ்வளவுக்குப் பிரகாசமாகிறதோ அவ்வளவுக்கு ஊர் விதிவிலக்காகிறது. அது இளங்கோ இருந்த ஊருங்க, மெட்ராஸ் பக்கத்துல இருக்கு, நம்ம பக்கம் ஆகாதுங்க என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பார்க்கவ ரிஷியின் இடத்தில் இப்போது சி.எஸ்.ஐ.ஆர். இப்படி ஒன்றைக் கழித்துவைத்துவிட்டால் மீதமிருக்கிற சுமார் 12,500 ஊராட்சிகளிலும் பழைய வாக்கியம் அப்படியே நின்றுகொள்கிறது.